ஒரு வாய்தாவுக்கு என்ன செலவு?

தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துக்காரர் ஒருவர் சிவில் வழக்கு நடத்துகிறார் என்றால், வாய்தா நாளில் விடிந்ததும் கிளம்ப வேண்டும். சொத்து எந்தக் கிராமத்துக் கணக்கில் இருக்கிறதோ அதைப் பொறுத்து ஸ்ரீவைகுண்டம், சாத்தான்குளம், திருச்செந்தூர் என்று முன்சீப் கோர்ட் உள்ள ஊருக்கு பஸ்ஸோ ரயிலோ ஏறிப் போகவேண்டும். பெயரைக் கூப்பிடுவார்கள். வக்கீல் எழுந்து ஏதோ சொல்வார். குமாஸ்தா வெளியே வந்து அடுத்த தேதியைச் சொல்வார். வேலை முடிந்தது, அன்றைய கூலியும் போயிற்று.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண் என்று வைத்துக்கொள்வோம். அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீடும் மனையும் அண்ணன் கையில். இவர் கிறிஸ்தவர் என்றால் 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. அண்ணன் தர மறுக்கிறார். இவருடைய பங்கின் மதிப்பு 6 லட்சம். அனுபவத்தில் இல்லாத சொத்துக்குப் பாகப்பிரிவினை கேட்டால், தன் பங்கின் சந்தை மதிப்புக்குக் கோர்ட் ஃபீஸ் கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் 2017 மார்ச் வரை இது நூற்றுக்கு ஏழரை ரூபாய், அதாவது 45,000. இப்போது 3 சதவீதம், 18,000. குறைந்ததென்னவோ உண்மை. ஆனால் ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு இரண்டுமே எட்டாத தொகைதான்.

இந்த 18,000 ரூபாயை அவர் கட்ட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரியாது. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 12ஆம் பிரிவில், பெண்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது; வருமான வரம்பே இல்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், குழந்தைகள், ஆலைத் தொழிலாளர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்குத் தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். வக்கீல் மட்டுமல்ல, கோர்ட் ஃபீஸ், சம்மன் கட்டணம், நகல் செலவு எல்லாம் இதில் அடங்கும். கோர்ட் வளாகத்திலேயே இருக்கும் வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

இதைவிடப் பழைய வழி ஒன்றும் உண்டு. வக்கீல்கள் இன்றும் ‘பாப்பர் மனு’ என்பார்கள். 1976இல் சிவில் நடைமுறைச் சட்டத்தைத் திருத்தியபோது ‘பாப்பர்’ என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘வறியவர்’ என்று மாற்றினார்கள். ஊரில் பலர் இதை மஞ்சள் கடுதாசியோடு போட்டுக் குழப்பிக்கொள்வதுண்டு. அது கடனைத் தீர்க்க முடியாதவன் கொடுப்பது. இது கோர்ட் ஃபீஸ் கட்ட முடியாதவர் கேட்பது. ஆனால் இந்த மனுவைப் போட்டதும் எதிராளிக்கும் அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும். இவர் ஏழைதானா என்று விசாரணை நடக்கும். மூல வழக்கைத் தொடும் முன்பே வறுமைக்கு என்று ஒரு வழக்கு! ஜெயித்தால் அந்த ஃபீஸை அரசு வசூலித்துக்கொள்ளும்; ஆக இது தள்ளுபடி அல்ல, தவணை. அரசு வண்டி மோதி இறந்தவரின் மனைவியும் மகளும் ஃபீஸ் இல்லாமல் நஷ்டஈடு கேட்டதை எதிர்த்து ஹரியானா அரசு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதைத் தள்ளுபடி செய்தார். அதே உச்ச நீதிமன்றம் 2001இல், கம்பெனியும் வறியவராக மனுப்போடலாம் என்றது. ஏழைக்கென்று வெட்டிய வாய்க்காலில் யாரெல்லாம் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் பாருங்கள்.

சரி, வாசல் திறந்துவிட்டது. உள்ளே நடப்பதற்குத்தான் எந்தச் சலுகையும் இல்லை. சிவில் வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் வர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. வக்கீல் நின்றால் போதும். இருந்தாலும் போகிறார்கள். நாம் முகத்தைக் காட்டாவிட்டால் கேஸை மறந்துவிடுவார்களோ என்ற பயம். இலவச வக்கீல் என்றால் அந்தப் பயம் இரட்டிப்பு. கிரிமினல் வழக்குகளுக்கு 2022 முதல் முழுநேர சட்ட உதவி வக்கீல்களை மாவட்டங்களில் அமர்த்தத் தொடங்கினார்கள். சிவில் பக்கம் இன்னும் குழுப் பட்டியலில் உள்ள வக்கீல்தான். தம் சொந்த வழக்குகளுக்கு நடுவே, சொற்ப ஊதியத்துக்கு இதையும் பார்க்கிறவர்.

ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்று சட்டத்தில் எழுதித்தான் இருக்கிறது. 2002 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்தங்களோடு சேர்ந்தது அது. அவற்றை எதிர்த்து வழக்குப் போட்டது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். உச்ச நீதிமன்றம் 2005இல் திருத்தங்களை ஏற்றது. தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் நான்காவதும் கொடுக்கலாம், ஆனால் கேட்பவர் அதற்கான செலவுத் தொகையைக் கட்டட்டும் என்றது. என் பார்வையில் சீர்திருத்தம் தொடங்க வேண்டிய இடம் இந்தச் செலவுத் தொகைதான். வாய்தா கேட்டவர் எதிராளியின் ஒருநாள் கூலியையும் பஸ் காசையும் அன்றே கையில் கொடுக்க வேண்டும் என்றால் எத்தனை வாய்தாக்கள் தாமாகவே காணாமல் போகும்! பொய் வழக்கு, பொய் எதிர்வாதத்துக்கான ஈட்டுத்தொகைக்கோ சட்டம் போட்டிருக்கும் உச்சவரம்பு 3,000 ரூபாய். வசதி உள்ளவருக்கு அது அபராதமே இல்லை.

டிகிரி வாங்கியபின் அதை நிறைவேற்ற ‘இ.பி.’ என்ற மனுவோடு மறுபடி ஒரு சுற்று. ஆறு மாதத்தில் முடிக்கச் சொல்லி 2021இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இந்த அலைச்சல் வேண்டாமென்று மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொண்டால் கட்டிய ஃபீஸ் திரும்பக் கிடைக்கும், அப்பீலும் இல்லை. நல்லதுதான். ஆனால் அலைந்து அலைந்து சோர்ந்தவர் பாதிக்குச் சம்மதிப்பதும் சமரசம் என்றே பதிவாகிறது.

தூத்துக்குடிக்கு எதிர்க்கரையில், இலங்கையில், 1988ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. குறிப்பிட்ட தொகைக்குக் கீழான தகராறுகள் முதலில் அங்கேதான் போக வேண்டும். சட்டத்தரணிகள் வாதாட முடியாது. நம் நாடாளுமன்றமும் 2008இல் கிராம நியாயாலயச் சட்டத்தை இயற்றியது. ஃபீஸ் 100 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஆறு மாதத்தில் தீர்ப்பு. சாட்சியச் சட்டத்தின் கெடுபிடி இல்லை. ஒரே ஒரு அப்பீல். அது மாவட்ட நீதிமன்றத்தோடு முடியும் என்பதால் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அலைய வேண்டாம். முக்கியமாக, நீதிபதி குறித்த நாளில் கிராமத்துக்கே வர வேண்டும். தமிழ்நாடு இதைத் தொடங்கவில்லை. முன்சீப் கோர்ட்டுகள் தாலுகாவரை இருக்கின்றனவே என்பது வாதம். இருக்கின்றன, பஸ் ஏறிப் போகும் தூரத்தில்.

நம் பீடிக்காரப் பெண்ணின் பாகப்பிரிவினை இந்தக் கிராம நியாயாலயச் சட்டத்தின் பட்டியலில் வராது. கிணற்றில் தண்ணீர் இறைக்கும் உரிமை, வாய்க்கால் முறை, கூலி பாக்கி, கிராமத்து வீட்டு அனுபவம் எல்லாம் வரும். நாசரேத்தைச் சுற்றிய கிராமங்களில் வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவருக்கு வருகிற தகராறு பெரும்பாலும் இவைதான். தமிழ்நாடு இதைத் தொடங்கினால், அவர் மடையை அடைத்துவிட்டு, மண்வெட்டியோடு நடந்தே வாய்தாவுக்குப் போய்வரலாம்.