செல்போன் தொலைந்தால் அதே எண்ணைத் திரும்பப் பெறுவது எப்படி? சந்தேகங்களும் விளக்கங்களும்

தொலைந்துபோன ப்ரீபெய்டு எண்ணுக்கு மாற்று சிம் வாங்குவோர் பலர், சிம் வேலை செய்தும் ஓடிபி வரவில்லையே என்று குழம்புகின்றனர். வங்கிக் கணக்கு முதல் தொலைந்த போனை முடக்குவது வரை எல்லாமே அந்த எண்ணைச் சார்ந்திருப்பதால், எதை முதலில் செய்வது என்ற சந்தேகமும் எழுகிறது. தற்போது நடைமுறையில் உள்ள விதிகள் குறித்த விளக்கம் வருமாறு:

போன் தொலைந்ததும் முதலில் போக வேண்டியது காவல் நிலையமா, சிம் கடையா?

இரண்டுக்கும் முன்பாகப் பழைய சிம்மை முடக்க வேண்டும். இதற்கு நேரில் செல்லத் தேவையில்லை. வேறொரு போனில் இருந்து சிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைக்கலாம். அடுத்ததாக வங்கியைத் தொடர்புகொண்டு யுபிஐ மற்றும் மொபைல் வங்கிச் சேவையை நிறுத்தி வைக்க வேண்டும். காவல் நிலையப் புகாரும் மாற்று சிம்மும் அதற்குப் பிறகுதான்.

மாற்று சிம் வாங்க என்ன ஆவணம் வேண்டும்?

தொலைத்தொடர்புத் துறை 2023-ல் வெளியிட்ட விதிகளின்படி, புதிய இணைப்புக்கு உள்ளது போலவே மாற்று சிம்முக்கும் முழுமையான அடையாளச் சரிபார்ப்பு கட்டாயம். ஆதார் மூலம் சரிபார்க்கும்போது கைரேகை, கருவிழி அல்லது முகப் பதிவு எடுக்கப்படும். சிம் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுபடும்.

சிம் அப்பா பெயரில் இருக்கிறது. மகன் போய் வாங்க முடியுமா?

முடியாது. எண் யார் பெயரில் பதிவாகியுள்ளதோ, அவரே அடையாளச் சரிபார்ப்புக்கு வர வேண்டும். பல ஆண்டுகளாக ஒருவர் பயன்படுத்தி வந்த எண்ணாக இருந்தாலும், பதிவில் வேறு பெயர் இருந்தால் அவர் அதற்கு உரிமை கோர இயலாது.

ஏற்கெனவே செய்த ரீசார்ஜ் வீணாகிவிடுமா?

ஆகாது. ரீசார்ஜும் இருப்புத் தொகையும் எண்ணின் கணக்கில் உள்ளவை என்பதால், மாற்று சிம்மிலும் அவை தொடரும். ஆனால், சிம் இல்லாத நாட்களுக்காக வேலிடிட்டி தானாக நீட்டிக்கப்படாது.

சிம் வாங்கத் தாமதமானால் எண் வேறொருவருக்குப் போய்விடுமா?

உடனே போகாது. பயன்பாடு இல்லை என்ற காரணத்துக்காக ப்ரீபெய்டு எண்ணை 90 நாட்களுக்குள் துண்டிக்கக் கூடாது என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதன் பிறகும் கணக்கில் ரூ.20 அல்லது அதற்கு மேல் இருந்தால், ரூ.20 கழிக்கப்பட்டு மேலும் 30 நாட்களுக்கு எண் தக்கவைக்கப்படும். துண்டிக்கப்பட்ட எண்ணையும் 90 நாட்கள் கழியும் வரை புதிய வாடிக்கையாளருக்கு ஒதுக்க முடியாது.

புதிய சிம்மில் அழைப்பு வருகிறது. ஓடிபி மட்டும் ஏன் வரவில்லை?

மாற்று சிம் செயல்படத் தொடங்கியதில் இருந்து 24 மணி நேரத்துக்கு, குறுஞ்செய்தி அனுப்பவும் பெறவும் தடை உள்ளது. பிறர் எண்ணுக்கு மோசடியாக மாற்று சிம் வாங்கி, ஓடிபி மூலம் பணம் எடுப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். எனவே இது சிம்மின் கோளாறு அல்ல. அவசரப் பணத் தேவைக்கு வங்கிக் கிளையையோ ஏடிஎம் அட்டையையோ பயன்படுத்தலாம்.

இதற்குள் யாராவது கணக்கில் இருந்து பணம் எடுத்துவிட்டால்?

உடனடியாக வங்கிக்கும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும். ரிசர்வ் வங்கியின் 2017-ம் ஆண்டு சுற்றறிக்கையின்படி, ரகசிய எண்ணைப் பகிர்வது போன்ற வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்படும் இழப்பு, புகார் தரும் வரை அவரையே சேரும். புகார் தந்த பிறகு நடக்கும் இழப்புக்கு வங்கி பொறுப்பேற்க வேண்டும்.

தொலைந்த போனையே முடக்க முடியுமா?

முடியும். 2023 மே மாதம் முதல் நாடு முழுவதும் நடைமுறையில் உள்ள சிஇஐஆர் வசதியில், சஞ்சார் சாத்தி இணையதளம் அல்லது செயலி வழியாகவோ காவல் துறை மூலமாகவோ விண்ணப்பிக்கலாம். காவல் நிலையப் புகார் நகல், அடையாள ஆவணம், போனின் 15 இலக்க ஐஎம்இஐ எண் ஆகியவை தேவை. இரண்டு சிம் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ எண்களையும் தர வேண்டும். பதிவின்போது ஓடிபி வர வேண்டும் என்பதால், மாற்று சிம்மில் குறுஞ்செய்தித் தடை முடிந்த பிறகு விண்ணப்பிப்பது எளிது.

ஐஎம்இஐ எண்ணை எங்கே பார்ப்பது?

போன் வந்த பெட்டியில் இந்த எண் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலான கடை ரசீதுகளிலும் இருக்கும். கையில் உள்ள போனில் *#06# என அழுத்தினால் எண் திரையில் தோன்றும். தொலையும் முன்பே குறித்து வைத்தால் விண்ணப்பிக்கும்போது தாமதம் ஏற்படாது.

முடக்கிய போனைக் காவல் துறையால் கண்டுபிடிக்க முடியுமா?

முடக்கம் தேடுதலுக்குத் தடையாகாது. விண்ணப்பித்த 24 மணி நேரத்துக்குள் முடக்கப்படும் போன், அதன்பின் இந்தியாவில் எந்த நிறுவனத்தின் சிம்மிலும் இயங்காது. போன் கிடைத்தால் காவல் நிலையத்தில் தெரிவித்துவிட்டு, விண்ணப்பத்தின்போது தரப்பட்ட பதிவு எண்ணைக் கொண்டு அதே தளத்தில் முடக்கத்தை நீக்கலாம்.

இந்தச் சிரமத்தால் வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால்?

மாற்று சிம் பெற்ற நாளில் இருந்து 7 நாட்கள் முடியும் வரை, எண்ணை மாற்றுவதற்கான குறியீடு வழங்கப்படாது. டிராயின் இந்த விதி 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ளது. அதற்குப் பிறகு வழக்கமான முறையில் விண்ணப்பிக்கலாம்.