மீன் மாதிரி ஆபீஸ், கூடை மாதிரி ஆபீஸ்!

ஹைதராபாத் போகும் சகோதரிகள் ராஜேந்திர நகர்ப் பக்கம் ஒரு மீனைப் பார்த்துவிட்டு வாருங்கள். குளத்தில் இல்லை, ரோட்டோரத்தில்! தேசிய மீன்வள மேம்பாட்டு வாரியத்தின் தலைமை அலுவலகம் அது. 2012-ல் கட்டியது. நாலு மாடி உயரம். வட்டக் கண், துடுப்பு, வால் எல்லாம் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகூட, "இது மீன் ஆபீஸுடீ" என்று சொல்லிவிடுவாள்.

கம்பெனியின் அடையாளத்தையே கட்டடமாக்கும் இந்த ஆசையை எல்லை வரை கொண்டுபோனவர் அமெரிக்காவில், ஒஹையோ மாநிலத்து டேவ் லாங்கபர்கர். கையால் பின்னிய மரக் கூடைகள்தான் அவர் வியாபாரம். விற்றதெல்லாம் பெரும்பாலும் பெண்கள். அக்கம்பக்கத்தாரை வீட்டுக்குக் கூப்பிட்டு, காபி கொடுத்து, கூடையைக் காட்டுவார்களாம். நம் ஊரில் தவணைக்குப் புடவை விற்கும் மாமிகளை நினைத்துக்கொள்ளுங்களேன்!

1997-ல் நூவர்க் என்ற ஊரில் தலைமை அலுவலகம் எழுந்தது. ஏழு மாடி. அவர் விற்ற மார்க்கெட் கூடை அப்படியே, 160 மடங்கு பெரிதாக! மேலே இரண்டு கைப்பிடிகள் வேறு. பனிக்காலத்தில் அவற்றில் ஐஸ் கட்டிவிடக்கூடாதே? அதற்காகச் சூடேற்றும் ஏற்பாடும் செய்தார்கள். ஒன்றையும் தூக்காத கைப்பிடிக்கு இத்தனை உபசாரம். அழகுக்கென்று வாங்கிய பித்தளைச் சாமானை வாராவாரம் புளி போட்டுத் தேய்க்கிறோமே, அந்தக் கதைதான்.

1999-ல் அவர் காலமானார். கூடை மோகமும் மெல்லக் குறைந்தது. 2016-ல் ஊழியர்கள் கட்டடத்தைக் காலி செய்தார்கள், 2018-ல் கம்பெனியே மூடியாயிற்று. அதே வருஷம், கட்டடத்தை ஹோட்டலாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. 2021-ல் மறுபடி விற்பனைக்கு வந்துவிட்டது. மருந்து விற்பவரோ சோப்பு விற்பவரோ கூடைக்குள் எப்படிக் குடியேறுவார்? வீட்டில் தன் பெயரைச் சுவரிலேயே செதுக்கிவிட்டால் வாங்க வருகிறவர் யோசிக்கத்தானே செய்வார்!

நம் சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி.யைப் பாருங்கள். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தம் யுனைடெட் இந்தியா இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஆரம்பித்த கட்டடம் அது. வேலை முடிவதற்குள் அவர் 1954-ல் விமான விபத்தில் மறைந்தார். 1956-ல் ஆயுள் இன்ஷூரன்ஸ் முழுவதும் அரசுடைமையானது. 1959-ல் திறந்தபோது சொந்தக்காரர் வேறு, பெயர் வேறு. கட்டடம் மட்டும் அதே 14 மாடி நெட்டைப் பெட்டி. இன்ஷூரன்ஸைச் சொல்லும் எந்த உருவமும் அதில் கிடையாது. ஆனாலும் சினிமாவில் பட்டணம் வந்தாச்சு என்று காட்ட அதைத்தானே காட்டினார்கள்!

நான் இருப்பது நெய்வேலி டவுன்ஷிப்பில். என் பெண் கேட்கிறாள்: "ஏம்மா, நம்ம ஆபீஸையும் நிலக்கரி வெட்டற ராட்சசச் சக்கரம் மாதிரி கட்டியிருக்கலாமே?"

கட்டியிருக்கலாம்தான். ஆனால் 1956-ல் பழுப்பு நிலக்கரியை நம்பிப் பிறந்த கம்பெனி, 2016-ல் என்.எல்.சி. இந்தியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நின்றுவிட்டது. இப்போது சூரிய வெளிச்சத்திலிருந்தும் மின்சாரம் எடுக்கிறார்கள். முதல் வட்டத்தில் இருக்கிற தலைமை அலுவலகத்துக்கு இதனால் ஒரு சங்கடமும் இல்லை.

வெளியூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்தால் யாரும் அவர்களை ஆபீஸைப் பார்க்க அழைத்துப் போவதில்லை. சுரங்கத்தைத்தான் காட்டுகிறோம். பள்ளத்தில் வாளிகள் கோத்த அந்தச் சக்கரம் சுற்றுவதைப் பார்த்ததும் குழந்தைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றுவிடுகின்றன.