மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்கள்: வீட்டுக் கராஜில் பிறந்த பொறியியல்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1930களிலும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும், இளைஞர்கள் பழைய ஃபோர்ட் கார்களை மலிவாக வாங்கி வீட்டுக் கொட்டிலில் வைத்தே மட்காட்டைக் கழற்றி, இயந்திரத்தை மாற்றி, வேகமாக ஓடவிட்டார்கள். அந்தக் கார்களுக்கு 'ஹொட் ரொட்' என்று பெயர். தம்பலகாமத்தில் லான்ட்மாஸ்டர் திருத்தும் கராஜ் ஒன்றில் வேலை பழகும் பெடியள் அவற்றின் காணொளிகளைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் தொழில் பழகிய மெக்கானிக் ஐயா சிரித்தார். எரிபொருளே இல்லாத ஊரில் காரை ஓடவைத்துக் காட்டட்டும் என்பது அவர் கட்சி.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. 1990 ஜூனில் மீண்டும் போர் தொடங்கியபின், வடக்குக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டது. மண்ணெண்ணெயும் தாராளமாகக் கிடைக்கவில்லை. ஆனாலும் கிடைத்தது அதுதான். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களை அதில் ஓட்டினார்கள். நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும், பொம்பிளை மாப்பிள்ளையைக் கோயிலுக்குக் கொண்டுபோனதும் அவைதான்.

இது எப்படிச் சாத்தியமானது? பெற்றோல் குளிரிலும் ஆவியாகும். மண்ணெண்ணெய்க்குச் சூடு வேண்டும். ஆகவே குளிர்ந்த இயந்திரம் மண்ணெண்ணெயில் ஸ்ரார்ட் ஆகாது. முதலில் கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விடவேண்டும். மோட்டார் சைக்கிள்காரர் இதற்குக் குழாய் பொருத்திய சிறு பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை வைத்திருந்தார்கள். அதைச் 'சூப்பி' என்றார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறலாம். பழைய ஒஸ்ரின்களில் காற்று உள்ளே போகும் குழாயும் புகை வெளியேறும் குழாயும் ஒரே பக்கத்தில் அருகருகே இருக்கும். புகையின் சூடே மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது.

அடுத்த சிக்கல் இடிப்பு. மண்ணெண்ணெய் அமுக்கம் கூடினால் நேரத்துக்கு முன்பே பற்றி, பிஸ்டனை இடிக்கும். அந்தக் காலத்து இயந்திரங்களின் அமுக்கம் சுமார் 7 மடங்குதான் என்பதால் தாங்கின. தீப்பொறி விழும் நேரத்தைக் கொஞ்சம் பிந்தவைத்தும் சமாளிக்கலாம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி என்ஜின் ஒயிலைத் தண்ணியாக்கும். அதனால் ஒயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பெயாரிங் தேயும். ஒயிலுக்கும் தட்டுப்பாடு என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கண் எரிக்கும் புகை வேறு.

பிரித்தானியாவில் ஃபோர்ட்சன், ஃபெர்குசன் உழவு இயந்திரங்கள் இதே முறையில், பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெய் வகையொன்றுக்கு மாறும்படி தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டன. அதை இங்கு கராஜ்களில் செய்தார்கள், கையேடு இல்லாமல். என் பார்வையில் இது ஹொட் ரொட்டை விடப் பெரிய வேலை.

2022இல் பெற்றோல் வரிசையில் நின்றபோது பலருக்கு இந்த ஞாபகம் வந்தது. இன்றைய வாகனத்தில் இதைச் செய்து பார்க்கவேண்டாம். அமுக்கம் 10 மடங்குக்கு மேல். காபரேற்றருக்குப் பதில் இன்ஜெக்டர். பழுதானால் செலவு கூட.

அந்த இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டியவர்கள் பலருக்கு வயது போய்விட்டது. ஒஸ்ரின்களும் இரும்புக் கடைக்குப் போகின்றன. உங்கள் ஊரில் அப்படி ஒருவர் இருந்தால், அவரோடு இருந்து கைபேசியில் பேச்சைப் பதிவுசெய்யுங்கள்: எந்தக் கார், எந்தத் திருகாணியை எவ்வளவு திருப்பினார், எத்தனை துளி பெற்றோல். 2005இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் வாய்மொழி வரலாறுகளையும் சேகரித்து ஆவணப்படுத்துகிறது. அங்கே கேட்டுப் பார்க்கலாம்.