ஆங்கில ஆசிரியருக்கு முதுமாணிப் பட்டம் பயன்படுமா?

சென்ற தவணையில் ஒருநாள், பாடசாலை விட்டு மாணாக்கர் கலைந்த பின்னர், ஆசிரியர் அறையில் எம்மோடு எஞ்சியிருந்த ஆங்கில ஆசிரியர் ஒருவர் விண்ணப்பப் படிவம் ஒன்றை எம்முன் வைத்தார். அவர் நமது கல்லூரியின் பழைய மாணவர். எம்மிடம் தமிழ் பயின்றவர். இன்று எமக்கு உடனாசிரியர். “சேர், இந்த முதுமாணிப் படிப்பிலை சேரலாமோ? மினக்கெட்டதுக்குப் பலன் இருக்குமோ?” என்று வினவினார்.

“படி தம்பி, படிப்பு ஒருநாளும் வீண்போகாது” என்று வாய்க்கு வந்ததைக் கூறி அனுப்பிவிட்டோம். வீடு திரும்பும் வழியிலேயே, கூறியது தகுமா என்னும் ஐயம் எழுந்தது. அவருக்கு இரண்டு சிறு குழந்தைகள். வீடு கட்டிய கடன் தீரவில்லை. வார இறுதியில் நடத்தும் வகுப்புகளே கடனடைக்க உதவுகின்றன. அத்தகையவருக்குப் பழமொழியால் விடையிறுத்தல் முறையன்று. ஆகலின் அவ்வினாவை மீண்டும் எடுத்து, நன்கு சிந்தித்து, இம்மலர் வாயிலாக விடை கூற முயல்கின்றோம்.

தமிழாசிரியருக்கு ஆங்கில ஆசிரியரின் பட்டத்தைப் பற்றி யாது கவலை எனக் கேட்போர் உளராகலாம். நாம் பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் ஒன்றையே உடையோம். எட்டாத கனியைப் புளிப்பென்று பழிக்கின்றோமோ என்று எம்மையே முதலில் வினவிக்கொண்டோம். அவ்வழுக்காறு இதனுட் புகாதவாறு காத்தே எழுதுகின்றோம்.

பட்டத்தின்மீது யாழ்ப்பாணத்தவர் கொண்ட பற்று மிகப் பழையது. அமெரிக்க மிசனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரி 1855 இல் மூடப்பட்டது. எனினும் அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறல் விசுவநாதபிள்ளையுமே, 1857 இல் நிறுவப்பட்ட சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆங்கிலம் கற்றாருக்கு அரசாங்க உத்தியோகமும் மலாயாவில் வேலையும் கிடைத்த காலத்தில், தோட்டக் காணியை ஈடுவைத்தும் பிள்ளையைப் படிப்பித்த பெற்றோர் நம் குடாநாட்டில் ஊர்தோறும் இருந்தனர். பட்டதாரிகள் அரியராயிருந்த அக்காலத்திற் பட்டம் ஒன்றே பல கதவுகளைத் திறந்தது. இன்று பட்டதாரிகள் பலர். எனவே, எந்தப் பட்டம் எந்தக் கதவைத் திறக்கும் என்று அறிந்தே அதன் பின் செல்லல் வேண்டும்.

முதலிற் செலவைக் கணிப்போம். பணச்செலவு பல்கலைக்கழகந்தோறும் வேறுபடும். காலச்செலவோ ஏறத்தாழ யாவர்க்கும் ஒன்றே. 2012 இல் வெளியிடப்பட்ட இலங்கைத் தகைமைக் கட்டமைப்பு முதுமாணிப் பட்டத்தை இரு படிகளில் வைக்கின்றது. பாடநெறியால் மட்டும் பெறப்படுவது ஒன்பதாம் படி. அதற்கு 30 மதிப்பலகுகள் வேண்டும். ஆய்வும் சேர்ந்து பெறப்படுவது பத்தாம் படி; அதற்கு 60 மதிப்பலகுகள் வேண்டும். ஒரு மதிப்பலகு என்பது விரிவுரை, வாசிப்பு, எழுத்துவேலை யாவும் சேர்ந்த 50 மணிநேரக் கல்வியுழைப்பு. ஆகவே முதலாவது 1500 மணிநேரம். இரண்டாவது குறைந்தது 3000 மணிநேரம். கிழமைக்குப் பதினைந்து மணிநேரம் ஒதுக்கும் ஆசிரியருக்கு முன்னது நூறு கிழமைகள். பின்னது குறைந்தது இருநூறு கிழமைகள். ஏறக்குறைய இரண்டாண்டும் நான்காண்டும் ஆம். இம்மணிகள் பிள்ளைகளோடு இருக்கும் மாலையிலிருந்தும், வார இறுதி வருவாயிலிருந்தும், மறுநாட் பாடத்துக்கு ஆயத்தஞ்செய்யும் இரவிலிருந்துமே எடுக்கப்படுவன.

இனி வரவைக் காண்போம். அதனைச் சம்பளம், பதவி, வகுப்பறை என மூன்றாகப் பிரித்து நோக்குதல் நன்று.

சம்பளம் முதலாவது. நம் நாட்டு ஆசிரியர் சேவையில் வேதனம் வகுப்பையும் தரத்தையும் பின்பற்றியது. அங்கே பெரிதும் எடைபெறுவன பட்டமும், அதன்மேற் கற்பித்தற் பயிற்சியைக் காட்டும் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவுமாம். இவ்விரண்டையும் உடையவர், முதுமாணியானவுடன் மாதச் சம்பளம் பெரிதும் உயரும் என்று எதிர்பார்த்தல் கூடாது. டிப்ளோமா இல்லாதவரோ முதலில் அதனைப் பெறுதலே அறிவுடைமை. படிவத்தை நிரப்புமுன் சேவைப் பிரமாணக் குறிப்பை வாசித்து, வலயக் கல்விப் பணிமனையில் தம் நிலையை வினவியறிதல் ஒவ்வொருவர்க்கும் கடன். ஆசிரியர் அறையில் உலவும் செய்தியை நம்பிக் கடன்பட்டோர் சிலரை நாம் அறிவோம்.

பதவி இரண்டாவது. ஈண்டே முதுமாணிப் பட்டத்தின் வலிமை தெளிவாகப் புலப்படும். பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக நிலைபெற விரும்புவோர்க்குப் பட்டப்பின் பட்டம் இன்றியமையாதது. வளைகுடா நாடுகளின் பல்கலைக்கழகங்கள் பலவும் ஆங்கிலம் கற்பிக்க வருவோரிடம் அதனையே கேட்கின்றன. ஆசிரியரைப் பயிற்றும் ஆசிரியராக விரும்புவோர்க்கும் அது துணையாம். ஆனால் இக்கதவுகள் யாவும் பாடசாலையிலிருந்து வெளியே செல்லும் கதவுகள் என்பதை மறத்தலாகாது. தீவகத்திலும் வன்னியிலும் ஆங்கில ஆசிரியர் போதாமை நெடுநாட் குறை. அங்குள்ள ஒருவர் பட்டம் பெற்று அகன்றால் அவருக்கு அது வரவு. அச்சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அது செலவு.

வகுப்பறை மூன்றாவது. முதுமாணியான ஆசிரியரிடம் பிள்ளைகள் கூடுதலாகக் கற்கின்றனரா? அமெரிக்காவில் இதுபற்றி ஆராய்ந்தோர் பலர். முதுமாணிப் பட்டம் உண்டு என்பது மாத்திரையால் மாணாக்கர் பேறு பெரிதும் உயர்வதில்லை என்பதே அவ்வாய்வுகளுட் பெரும்பாலானவற்றின் முடிபு. கற்பிக்கும் பாடத்திலேயே பெற்ற பட்டம், குறிப்பாகக் கணிதத்தில், பயன் தருகின்றது எனச் சில ஆய்வுகள் கண்டன. வட கரோலினா மாநிலம் முதுமாணி ஆசிரியர்க்கு ஏறத்தாழப் பத்து வீதம் மேலதிகச் சம்பளம் கொடுத்து வந்தது. 2013 இல் இயற்றிய சட்டத்தால், புதிதாகப் பட்டம் பெறுவோர்க்கு அதனை நிறுத்தியது. மறுபுறத்திற் பின்லாந்து நாடு 1979 முதல் ஆசிரியக் கல்வியை முதுமாணிப் படிக்கு உயர்த்தியது. அந்நாட்டு ஆசிரியரை உலகமே மெச்சுகின்றது.

இவ்விரண்டும் முரண்போலத் தோன்றினும் முரண் அல்ல. அமெரிக்காவிற் பட்டம் பெரும்பாலும் சம்பளப் படியேறும் சீட்டாக இருந்தது. பின்லாந்திலோ அது யாவர்க்கும் பொதுவான அடிப்படைப் பயிற்சி. பயிற்சிப் பாடசாலையிற் கற்பித்தலும் கற்பித்தலைப் பற்றிய ஆய்வும் அதனுள் அடக்கம். எனவே பட்டத்தின் பயன் அதன் பெயரைச் சார்ந்ததன்று. அதனுள் யாது கற்கப்படுகின்றது என்பதைச் சார்ந்தது.

இதனை நம் வகுப்பறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவோம். மேற்கூறிய நண்பர் ஒருமுறை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ‘இஸ்’ என்னும் சொல்லை ஓயாது விட்டுவிடுகின்றனர் என்று குறைப்பட்டார். பத்துத் தரம் எழுதுவித்தும் பயனில்லை என்றார். நாம் கரும்பலகையில் ‘அவர் ஆசிரியர்’ என்று எழுதிக் காட்டினோம். தமிழில் இது நிறைவாக்கியம். பயனிலையாக நிற்பது பெயர், வினை வேண்டுவதில்லை. இதனைப் பெயர்ப்பயனிலை என்கின்றோம். ஆங்கிலத்திலோ அவ்விடத்து ஒரு வினைச்சொல் வந்தே தீரும். பெயருக்கு முன் வரும் ‘ஏ’, ‘த’ என்னும் சிறு சொற்களுக்கும் தமிழில் நேரான சொற்கள் இல்லை. பாடசாலையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை நம் முதியோர் ‘இஸ்கூல்’ என்பதும் இத்தகையதே. தமிழ்ச்சொல் இரு மெய்யொலிகளோடு தொடங்குவதில்லை. பிள்ளை சோம்பலால் பிழைக்கவில்லை. தாய்மொழியின் ஒழுங்கை அயன்மொழியிலும் கைக்கொள்கின்றது.

மறுகிழமை அவர் இரு மொழி வாக்கியங்களையும் அருகருகே எழுதிப் பாடத்தைத் தொடங்கினார். பிழை அடியோடு நீங்கவில்லை. ஆயினும் ஏன் பிழை என்பதைப் பிள்ளைகளே சொல்லத் தொடங்கினர்.

மொழியியலார் இத்துறையை ஆழ ஆராய்ந்துள்ளனர். தாய்மொழியையும் கற்கும் மொழியையும் ஒப்பிட்டு நோக்கும் முறையை விளக்கி றொபேட் லாடோ 1957 இல் நூல் வெளியிட்டார். கற்போரின் பிழைகள் வெறுங் குற்றங்கள் அல்ல, அவர் மொழியைக் கற்கும் வழிக்குச் சான்றுகள் என 1967 இல் பிற் கோடர் எழுதினார். எல்லாப் பிழைக்கும் தாய்மொழியே காரணம் அன்று என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கற்கும் குழந்தைகளும் அதே பிழைகளுட் சிலவற்றைச் செய்கின்றனர். எப்பிழை எதனால் விளைந்தது எனப் பிரித்தறியும் கண்ணைத் தருவதே ஆங்கிலம் கற்பித்தல் பற்றிய நல்ல முதுமாணிப் படிப்பு. நாம் கரும்பலகையிற் காட்டியது அதன் ஒரு துளியே. அதற்கு மேற்பட்டவற்றை நண்பர் எம்மிடம் கேட்டால் நமக்கு விடை தெரியாது. ஆண்டுதோறும் அவரிடம் வரும் பிள்ளைகளை எண்ணினால், அத்தகைய படிப்புக்கு ஈயும் 1500 மணிநேரம் மிகையன்று.

நம்மவருள் ஒருவர் சென்ற வழியும் நினைக்கத்தக்கது. சுவாமி விபுலாநந்தர் கொழும்பிற் பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியராக விளங்கியவர். 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார். 1920 இல் இலண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். பின்னர் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராக இருந்தார். 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார். அவர்தம் பேராற்றல் யாவர்க்கும் வாய்ப்பதன்று. ஆயினும் கற்பித்தலும் கற்றலும் ஒருங்கே நிகழ்ந்த ஒழுங்கு யாவரும் பின்பற்றக்கூடியது.

ஆகவே நண்பருக்கு நாம் கூறும் விடை இது. சம்பளத்தையே நோக்கினால், இப்படிப்பு இப்போது வேண்டா, கடனை அடையுங்கள். விரிவுரையாளராகவோ ஆசிரியரைப் பயிற்றுபவராகவோ விரும்பினால், தயங்காது சேருங்கள். வகுப்பறையில் நிலைத்து நிற்கக் கருதினால், முதலிற் பட்டப்பின் கல்வி டிப்ளோமா. பின்னர் ஆங்கிலம் கற்பித்தலையே பொருளாகக் கொண்ட, ஆய்வும் அடங்கிய முதுமாணி. எளிதிற் கிடைக்கின்றது என்பதற்காக வேறொரு துறையில் இறங்கற்க. சேருமுன் உங்கள் வகுப்பிலிருந்தே எழுந்த வினா ஒன்றைக் கையிற் கொண்டு செல்லுங்கள். அது உள்ளவர்க்கு விரிவுரை ஒவ்வொன்றும் விடை தேடும் இடமாகும். இல்லாதவர்க்குக் குறிப்பெடுக்கும் இடமாகவே முடியும்.

இவ்விடையைக் கூறியபோது நண்பர் படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். ஓராண்டு பொறுக்கப் போவதாகவும், அதுவரை பிள்ளைகளின் பிழைகளை ஒரு கொப்பியிற் குறித்துவரப் போவதாகவும் சொன்னார். அக்கொப்பியில் இப்போது நாற்பது பக்கம் நிரம்பியுள்ளது.

இறுதியாகப் பழைய மாணவர்க்கு ஒரு விண்ணப்பம். கொழும்பிலும் கடல் கடந்த நாடுகளிலும் வாழும் நீவிர் கல்லூரி அன்னைக்குக் கட்டடமும் பரிசில்களும் உவந்தளிக்கின்றீர்கள். அவற்றோடு, ஆண்டுக்கு ஓர் ஆசிரியரின் பட்டப்பின் படிப்புக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்ளலாகாதா? படிப்பு முடிந்தபின் ஐந்தாண்டு குடாநாட்டுப் பாடசாலை ஒன்றிற் கற்பித்தல் வேண்டும் என்னும் ஒரு நிபந்தனை போதும். அங்ஙனமாயின், பட்டம் ஆசிரியரைப் பிள்ளைகளிடமிருந்து பிரிக்காது. அவர்களிடமே மீண்டும் கொண்டுவந்து சேர்க்கும்.