கிறிஸ்துமஸ் விடுமுறையும் நம் பிழைப்பும்



டிசம்பர் பிறந்துவிட்டால் தோட்டத்துக்கு ஒரு தனிக் களை வந்துவிடுகிறது. தேவாலயத்துக்குப் போகும் குடும்பங்களின் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்குகிறது. தீபாவளிக்கு நாம் பலகாரம் வைத்து அனுப்பிய தட்டு, இப்போது கேக்கோடும் முறுக்கோடும் நம் வீட்டுக்குத் திரும்பி வருகிறது. பிள்ளைகளும் வீட்டில் இருக்கிறார்கள். 2022-இல் பள்ளித் தவணை மார்ச் மாதத்தில் தொடங்கும்படி மாறியபோது இந்த ஒழுங்கு சற்றுக் குலைந்தது. 2026-இல் தவணை மீண்டும் ஜனவரிக்கு வந்தபின், டிசம்பர் பழையபடி ஆண்டின் முடிவாகிவிட்டது.

இந்த நாட்களை நாம் எப்படிக் கழிக்கிறோம்? பெரும்பாலான வீடுகளில் இரண்டே வழிதான். ஒன்று, விடுமுறை நாளிலும் வேலைக்குப் போய் நாலு காசு கூடுதலாகப் பார்ப்பது. மற்றொன்று, உறவினர் வீடு, கல்யாண வீடு, கடைத்தெரு என்று அலைந்துவிட்டு, ஜனவரி முதல் வாரத்தில் முன்னைவிடக் களைத்துப் போய்ப் பெரட்டில் நிற்பது. நன்றாக ஓய்வெடுத்து, தெளிந்த மனத்தோடு, 'அடுத்த ஆண்டு நம் வீட்டில் யார் எந்த வேலைக்குப் போவது?' என்று குடும்பமாக உட்கார்ந்து பேசும் வீடுகள் மிகக் குறைவு. அந்த வழியைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

ஓய்வு என்றதும் சிலருக்குச் சோம்பேறித்தனம் என்று தோன்றும். பால்மரத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மரத்தை ஒரு நாள் வெட்டினால் மறுநாள் விட்டுவிடுகிறோம். இரண்டு நாள் விட்டு வெட்டும் தோட்டங்களும் உண்டு. ஏன்? வெட்டு விழுந்தவுடன் பட்டைக்குள் இருக்கும் பால் குழாய்கள் காலியாகிவிடுகின்றன. மரம் மீண்டும் பாலை ஊறவைத்துக்கொள்ள இரண்டு மூன்று நாட்கள் வேண்டும். ஆசைப்பட்டுத் தினமும் வெட்டினால் முதலில் மங்கு நிறையும். பிறகு பால் தண்ணீராகும். கடைசியில் வெட்டிய இடமே காய்ந்து, கத்தி போட்டாலும் சொட்டு விழாது. இது துரைக்கும் தெரியும், மண்டோருக்கும் தெரியும், வெட்டுகிறவருக்கு எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். விடியுமுன் எழுந்து நிரைக்குப் போகும் மனித உடம்பு மட்டும் எப்படி ஆண்டு முழுவதும் ஊறிக்கொண்டே இருக்கும்? செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டி, தூக்கி, வண்டியில் ஏற்றும் தோளுக்கும் இதே கதைதான்.

ஆனால், ஓய்வெடுக்க நாள் வேண்டுமே! இங்கேதான் நம்மில் பலர் கைக்கு வந்ததை நழுவவிடுகிறோம். தீபகற்ப மலேசியாவில் 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, தொழிலாளிக்கு வார ஓய்வு நாள், பொது விடுமுறை, ஆண்டு விடுமுறை ஆகிய மூன்றும் தனித்தனியாக உண்டு. ஒன்றைக் கொடுத்துவிட்டோம் என்று மற்றொன்றைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆண்டு விடுமுறை, இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு 8 நாள். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் 12 நாள். ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் 16 நாள். இவை சம்பளத்தோடு கூடிய நாட்கள். உரிய காலத்துக்குள் எடுக்காமல் விட்டால் உரிமை போய்விடும். விடுமுறைக்குப் பதிலாகப் பணம் என்பது, முதலாளி கேட்டுத் தொழிலாளி எழுத்தில் ஒப்புக்கொண்டால்தான். காரணம் சொல்லாமல், அனுமதி வாங்காமல் ஆண்டின் வேலை நாட்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வராமல் இருந்தவருக்கும் ஆண்டு விடுமுறை கிடைக்காது. சங்க ஒப்பந்தத்தில் இதைவிட நல்ல விதி இருக்கலாம். தோட்டத்தில் இருக்கும் சங்கத் தலைவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். சபா, சரவாக் மாநிலங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு.

கிறிஸ்துமஸ் நாடு முழுவதும் பொது விடுமுறை. இருந்தாலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதலாளி ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகளைச் சம்பளத்தோடு கொடுக்கவேண்டும். அவற்றில் தேசிய தினம், மாமன்னர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள், தொழிலாளர் தினம், மலேசியா தினம் ஆகிய ஐந்தையும் சட்டமே பெயர் சொல்லிக் குறித்திருக்கிறது. மீதி ஆறை முதலாளி தேர்ந்து, ஆண்டு தொடங்குமுன்பே எல்லார் கண்ணிலும் படும்படி அறிவிப்பு ஒட்டவேண்டும். கிறிஸ்துமஸ் அந்த ஆறில் இருக்கிறதா என்று ஆபீஸ் பலகையில் பார்த்துக்கொள்ளுங்கள். ஜனவரி முதல் நாளோ எல்லா மாநிலத்துக்கும் விடுமுறை அல்ல. ஜொகூர், கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு மாநிலங்களில் அது வழக்கமான வேலை நாள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கிறிஸ்துமஸுக்கு முந்திய வேலை நாளோ, அடுத்த வேலை நாளோ அனுமதி இல்லாமல் வராமல் இருந்தால், அந்த விடுமுறைக்கு உரிய சம்பளத்தை முதலாளி கொடுக்க வேண்டியதில்லை. 'ஒரு நாள்தானே, யார் கேட்கப்போகிறார்கள்' என்று நின்றுவிடுகிறவர் இரண்டு நாள் சம்பளத்தை இழக்கிறார். அதே இரண்டு நாளை முன்கூட்டியே எழுதிக்கொடுத்து ஆண்டு விடுமுறையாக எடுத்தால், ஞாயிறும் சேர்ந்து நாலைந்து நாள் ஒரே தொடராகக் கிடைக்கும். அந்த முதல் இரண்டு நாளை உறக்கத்துக்கென்றே விட்டுவிடுங்கள்.

தாய்மார்களின் நிலை வேறு. அப்பாவுக்கு விடுமுறை, பிள்ளைகளுக்கு விடுமுறை. அம்மாவுக்கு மட்டும் அடுப்பில் மூன்று வேளைக்குப் பதில் ஐந்து வேளை. பகலில் காட்டு வேலை, மாலையில் வீட்டு வேலை என்று ஆண்டெல்லாம் இரட்டைப் பளு சுமப்பவர்கள் அவர்கள். பதினைந்து வயது மகனுக்குச் சோறு வடிக்கவும் துணி துவைக்கவும் தெரியாது என்பதை நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்வது நமக்கு விளங்கவில்லை. இந்த விடுமுறையில் ஒரு வேளைச் சமையலையாவது மற்றவர்கள் ஏற்றுக்கொண்டால், அம்மாவும் கலந்து பேச உட்கார முடியும். அவர் இல்லாமல் எடுக்கும் முடிவு குடும்ப முடிவு ஆகாது.

சரி, உட்கார்ந்தாயிற்று. என்ன பேசுவது? ஐந்தாம் படிவம் முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால், அதுதான் முதல் பேச்சு. எஸ்.பி.எம். தேர்வு எழுதி முடித்து, முடிவு வரும்வரை சில மாதங்கள் சும்மா கிடக்கின்றன. தொழிற்சாலை வேன் தோட்டத்து முகப்புக்கே வந்து ஆள் ஏற்றிக்கொள்கிறது. பேரங்காடியிலும் ஆள் தேவை. பிள்ளை போகிறான். போகட்டும்; உழைப்பு கெட்டதல்ல, நாலு பேரோடு பழகவும் கற்றுக்கொள்வான். 2025-இல் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்திருக்கிறது. பதினேழு வயதுப் பையன் கையில் அது பெரிய பணம்.

சிக்கல் அந்த வேலையில் இல்லை, மோட்டார் சைக்கிளில் இருக்கிறது. இரண்டாம் மாதச் சம்பளம் வந்ததும் தவணையில் ஒரு மோட்டார் சைக்கிள். அதற்கு அப்பா கையெழுத்து. தேர்வு முடிவு வரும்போது பிள்ளை நல்ல தேர்ச்சி பெற்றிருப்பான், பயிற்சிக் கழகத்தில் இடமும் கிடைக்கும். ஆனால் மாதத் தவணையை யார் கட்டுவது? மூன்று மாதத்துக்கென்று போன வேலை இப்படித்தான் பத்து வருட வேலையாகிவிடுகிறது. எத்தனையோ தோட்டங்களில் இதைப் பார்த்துவிட்டோம். ஆகவே, தற்காலிக வேலைக்கு அனுப்புமுன் இரண்டு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்: முடிவு வரும்வரை எந்தத் தவணைக் கடனிலும் கையெழுத்து இல்லை, சம்பளத்தில் ஒரு பகுதி மேற்படிப்புச் செலவுக்கென்று சேமிப்பில் கிடக்கவேண்டும்.

பல்கலைக்கழகம் மட்டும்தான் படிப்பு என்று எண்ண வேண்டாம். யூ.பி.யூ. என்ற ஒரே விண்ணப்ப முறையில் அரசாங்கப் பல்கலைக்கழகங்களோடு பாலிடெக்னிக்குகளும் சமூகக் கல்லூரிகளும் சேர்ந்தே வருகின்றன. ஈப்போவில் உள்ள உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969-இல் தொடங்கப்பட்டது. நாட்டில் முதலாவது அதுதான். மனிதவள அமைச்சின் கீழ் ஐ.எல்.பி. என்னும் தொழிற்பயிற்சிக் கழகங்கள் இருக்கின்றன. கியாட்மாரா நிலையங்களும் இருக்கின்றன. பற்றவைப்பு, மின்கம்பி வேலை, குளிர்சாதனம் பழுதுபார்த்தல் என்று கைத்தொழிலாகக் கற்கலாம். மலாய் மொழியிலோ வரலாற்றிலோ தேறாமல் சான்றிதழே கிடைக்காத பிள்ளைகளும் மனம் உடைய வேண்டாம். இவ்விரண்டு பாடங்களிலும் தேறினால்தான் எஸ்.பி.எம். சான்றிதழ் என்பது உண்மை. ஆனால் அந்தப் பாடங்களை மட்டும் மறுபடி எழுத வழி உண்டு.

அடுத்து, பெரியவர்களைப் பற்றி. நாற்பது வயதுக்கு மேல் நமக்கு என்ன புதுத் தொழில் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. தோட்டத்தில் பத்துப் பதினைந்து ஆண்டு டிராக்டர் பழுதுபார்த்தவர் இருப்பார். புல்வெட்டும் இயந்திரத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்வார். காகிதம் இல்லாததால் வெளியே போனால் அவர் 'சாதாரண ஆள்'. இத்தகையவர்களுக்காகவே திறன் மேம்பாட்டுத் துறையான ஜே.பி.கே. ஒரு வழி வைத்திருக்கிறது. பி.பி.டி. என்று சொல்வார்கள்; முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை. வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. நீங்கள் செய்த வேலைக்குரிய சான்றுகளைத் திரட்டிக் கோப்பாக அடுக்கி, மதிப்பீட்டாளர் முன் உங்கள் திறமையைக் காட்டினால், எஸ்.கே.எம். என்னும் மலேசியத் திறன் சான்றிதழ் பெறலாம். பயிற்சிக் கழகத்தில் படித்து வருகிறவர் வாங்கும் சான்றிதழும் இதுவேதான். ஆயாக்கொட்டகையில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கும், ஊருக்கே துணி தைத்துக் கொடுக்கும் அக்காவுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது. 'சான்றிதழ் வாங்கித் தருகிறோம்' என்று பணம் கேட்டு வருபவர்கள் உண்டு. ஜே.பி.கே. அங்கீகாரம் பெற்ற நிலையமா என்று அந்தத் துறையிடமே கேட்டு உறுதி செய்யாமல் ஒரு காசும் கொடுக்காதீர்கள்.

தோட்டம் கைமாறி வேலை போனவர்கள், பெர்கெசோ நடத்தும் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் உதவித் தொகையும் பயிற்சியும் கேட்கலாம். 2018 முதல் நம் சம்பளத்திலிருந்து அதற்குச் சந்தா போய்க்கொண்டிருக்கிறது. வேலை போன 60 நாட்களுக்குள் விண்ணப்பம் செய்யவேண்டும். எட்டு மாதம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு ஓடுவதில் பயனில்லை.

கோப்பு என்றோமே, அதை விடுமுறையின் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய அட்டைப்பெட்டி, பீரோவின் மேல்தட்டு, சாமிப் படத்தின் பின்புறம் என்று வீட்டுக் காகிதங்கள் எங்கெங்கோ கிடக்கும். அடையாள அட்டை நகல், பள்ளிச் சான்றிதழ், சம்பளச் சீட்டு, வேலை செய்யும்போது எடுத்த படம் ஆகியவற்றை ஆளுக்கு ஓர் உறையில் போட்டு மேலே பெயர் எழுதுங்கள். இத்தனை ஆண்டு இன்ன வேலை செய்தார் என்று தோட்டத்து ஆபீஸில் ஒரு கடிதம் வாங்க வேண்டியிருக்கும். அதை மட்டும் தள்ளிப்போடாமல், கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரமே கிராணியிடம் கேட்டு வைத்துவிடுங்கள்.