புரோஸ்டேட் புற்றுநோய்: பந்திங் வட்டாரப் பெரியவர்கள் அறிய வேண்டியவை

புரோஸ்டேட் என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே, பெரிய கொட்டைப்பாக்கு அளவில் இருக்கும் ஒரு சுரப்பி. அதில் வரும் புற்றுநோய், மலேசிய ஆண்களிடையே பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களுக்கு அடுத்ததாக அதிகம் காணப்படுகிறது. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, இந்நோய் கண்டவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு அது 3ஆம் அல்லது 4ஆம் கட்டத்தில்தான் தெரியவந்தது.

கேரித்தீவில் வசிப்பவருக்கும் பிரிக்பீல்ட்ஸில் வசிப்பவருக்கும் வரும் நோய் ஒன்றுதான். வேறுபடுவது, மருத்துவரிடம் போய்ச் சேரும் காலம். ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், நகரத்து ஆண்களைவிடக் கிராமப்புற ஆண்கள் இந்நோயால் அதிக விகிதத்தில் இறப்பது தெரியவந்துள்ளது. அங்கும் தூரமும் தாமதமும் முக்கியக் காரணங்களாகக் கூறப்படுகின்றன.

நம் வட்டாரத்தில் தாமதம் பெரும்பாலும் வீட்டிலேயே தொடங்குகிறது. இரவில் நான்கைந்து முறை எழுந்தாலும், சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போனாலும், “வயசானா அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம். பல வேளைகளில் அது சாதாரண வீக்கமாகவே இருக்கும். ஆனால் எது வீக்கம், எது புற்றுநோய் என்பதை மருத்துவரே சொல்ல முடியும். தொடக்க நிலையில் அறிகுறியே இல்லாமலும் இருக்கலாம். இடுப்பிலும் முதுகிலும் விடாமல் வலித்தால், தோட்டத்தில் உழைத்த உடம்பு என்று தைலம் தேய்த்துக்கொண்டே இருக்காதீர்கள். நோய் எலும்புக்குப் பரவியிருந்தாலும் அப்படி வலிக்கும்.

முதல் படிக்குப் பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டியதில்லை. பந்திங், ஜெஞ்ஜாரோம், தெலுக் பங்லிமா காராங் அரசாங்க கிளினிக்குகளில் மருத்துவரிடம் பேசலாம். அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இந்நோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனை உங்களுக்குத் தேவையா என்பதை அவர் விளக்குவார். அது எல்லாருக்கும் கட்டாயமானதல்ல. அளவு கூடியிருந்தாலே புற்றுநோய் என்றும் பொருளல்ல. ஆண் மருத்துவர் வேண்டுமென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள்.

மேல் சிகிச்சைக்குக் கிள்ளான், கோலாலம்பூர் அல்லது புத்ராஜெயாவிலுள்ள தேசியப் புற்றுநோய்க் கழகம் வரை போக வேண்டிவரலாம். கதிரியக்கச் சிகிச்சை என்றால் வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள். பிள்ளைகள் வேலைக்கு லீவு போட வேண்டுமே என்று பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். நிறுத்துவதற்கு முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைந்த நாள்களில் முடிக்க வழியுண்டா, ஹார்மோன் ஊசியை வீட்டுக்கு அருகிலேயே போட முடியுமா என்று கேளுங்கள்.

எஸ்.டி.ஆர். உதவித்தொகை பெறுவோரிலும் அவர்களின் துணைவரிலும் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெகா பி40 திட்டம் உண்டு. அதில் தீபகற்ப மலேசியாவில் போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையிலும், புற்றுநோய்ச் சிகிச்சையை முடிப்போருக்கு 1,000 வெள்ளி வரையிலும் உதவி உண்டு. சிகிச்சை பெறும் அரசாங்க மருத்துவமனையில், மைகார்டுடன் சென்று விசாரியுங்கள்.

சிறுநீர் அறவே வெளியேறாவிட்டாலோ, முதுகுவலியோடு திடீரெனக் கால்கள் பலமிழந்தாலோ அடுத்த தவணை நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே பந்திங் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள்.