கொடுத்த கடனுக்கு வழக்காடலாமா?

அண்மையில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது, ஒரு சகோதரி தம் மகனை அனுப்பி ஒரு மஸ்அலா கேட்டிருந்தார். அவருடைய கணவர் மரணமடைவதற்குச் சில காலம் முன்பு, நண்பர் ஒருவருக்கு 2 இலட்சம் ரூபாய் கைமாற்றாகக் கொடுத்திருந்தார். புரோநோட்டும் இருக்கிறது. வாங்கியவர் இன்று கடையை விரிவாக்கிச் செழிப்பாக இருக்கிறார். கேட்கும் போதெல்லாம் “இன்ஷா அல்லாஹ், பார்ப்போம்” என்பதே பதில். வழக்குத் தொடுக்கலாம் என்றாலோ, “ஒரு முஸ்லிமைக் கோர்ட்டுக்கு இழுக்கலாமா? அல்லாஹ்வுக்காக விட்டுவிடு” என்று உறவினர்கள் தடுக்கின்றனர். பருவமடையாத மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தத் தாய் என்ன செய்வார்?

திருக்குர்ஆனின் வசனங்களில் மிக நீளமானது எதைப் பற்றியது தெரியுமா? கடனைப் பற்றியது! அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனத்தில், தவணையுள்ள கடனை எழுதிக்கொள்ளுமாறும், சாட்சிகளை ஏற்படுத்துமாறும் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அழைக்கப்படும்போது சாட்சிகள் மறுக்கலாகாது என்றும் அதில் கூறுகிறான். எழுத்தும் சாட்சியும் எதற்கு? பிணக்கு எழுந்தால் உரிமையை நிலைநாட்டுவதற்கே அல்லவா? தமக்குரிய ஹக்கை நீதியின் வழியே கேட்பது மார்க்கத்துக்கு முரணானதாயின், இந்த ஏற்பாடுகளுக்கு என்ன பொருள்?

வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள். ஒரு மனிதர் தமக்கு வரவேண்டிய ஒட்டகத்தை நபியவர்களிடமே கடுமையாகக் கேட்டார். தோழர்கள் சினந்தெழுந்தபோது, உரிமையாளருக்குப் பேசும் உரிமை உண்டு என்று கூறித் தடுத்த பெருமானார் (ஸல்) அவர்கள், அவருக்குரியதைவிடச் சிறந்த ஒட்டகத்தையே கொடுக்கச் செய்தார்கள். கடனைக் கேட்பவரை வெட்கப்படுத்தும் நம் வழக்கம் எங்கே, அந்த நபிவழி எங்கே!

எனினும், வழக்காடுவதற்கு முன் கடன் கொடுத்தவர் ஒன்றைத் தெளிவாக அறிந்தாக வேண்டும். எதிரில் நிற்பவர் கொடுக்க இயலாதவரா, கொடுக்க மனமில்லாதவரா? இயலாதவராயின், வசதி வரும்வரை அவகாசம் கொடுக்க வேண்டும். தர்மமாக விட்டுவிடுவது அதனினும் மேல். இது அதே அத்தியாயத்தின் 280ஆம் வசனம் தரும் போதனையாகும். நம் நாட்டுச் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியாததன்று. கடனாளியின் உடுதுணி, சமையல் பாத்திரம், கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு ஜப்தியிலிருந்து விலக்கியிருக்கிறது. தீய நோக்கமின்றி, இயலாமையால் மட்டும் கடனைச் செலுத்தாதவரைச் சிறையிலடைக்கலாகாது என 1980இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் சகோதரியின் விஷயத்தில் மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இறந்தவருக்கு வரவேண்டிய கடன் வாரிசுகள் அனைவரின் சொத்தாகும். பிள்ளைகள் இருப்பதால் மனைவியின் பங்கு எட்டில் ஒன்று. அதை அவர் தாராளமாக விட்டுக்கொடுக்கலாம். யதீம் பிள்ளைகளின் பங்கை மன்னிக்க அவருக்கோ, உறவினருக்கோ, ஜமாஅத்துக்கோ அதிகாரமில்லை. “விட்டுவிடு” என்போர், யாருடைய பொருளை விட்டுவிடச் சொல்கிறோம் என்று சிந்திக்கட்டும்.

ஆகவே முதலில் ஜமாஅத்துப் பெரியவர்கள் முன்னிலையில் ஸுல்ஹுக்கு முயல வேண்டும். பள்ளிவாசலில் கஅப் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தம் கடனைக் கேட்டுக் குரலுயர்த்தியபோது, நபியவர்கள் தம் அறைத் திரையை விலக்கி, பாதியைத் தள்ளுபடி செய்யுமாறு சைகை காட்டினார்கள். கஅப் (ரலி) அவர்கள் இசைந்ததும், மீதியை உடனே கொடுக்குமாறு கடனாளியைப் பணித்தார்கள். விட்டுக்கொடுத்தலும் வசூலும் ஒருங்கே நடந்தன!

ஆனால் பேச்சிலேயே காலம் கழிந்துவிடக் கூடாது. கேட்டபோது தருவதாக எழுதிய புரோநோட்டுக்கு, எழுதிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். அக்கெடு முடியுமுன் கடனாளி பாக்கியை ஒப்புக்கொண்டு எழுதிக் கையொப்பமிட்டால், அன்றிலிருந்து புதிதாக 3 ஆண்டுகள் கிடைக்கும். இறந்தவரின் கடனுக்குத் தீர்ப்புப் பெற, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதாது. நீதிமன்றம் வழங்கும் இறங்குரிமைச் சான்றிதழ் தேவை. வழக்குத் தொடுத்த பின்னும் சமாதானத்துக்கு வழியுண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த மக்கள் நீதிமன்றத்தில் இரு தரப்பும் இசைந்து முடித்தால், அது தீர்ப்பின் வலிமை பெறுகிறது. கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

வழக்காடுவோர் ஹராமில் விழாதிருக்கவும் வேண்டும். அச்சிட்ட புரோநோட்டுகளில் வட்டி வாசகம் இருப்பது வழக்கம். அதைக் கொண்டு வட்டி கேட்கலாகாது. அசலை மட்டும் கோருமாறு வழக்கறிஞரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும். இடையில் பெற்ற தொகையை மறைக்கலாகாது. வாதத் திறமையால் பிறர் பொருளைத் தீர்ப்பாகப் பெற்றவர் பெறுவது நெருப்புத் துண்டே என்று நபியவர்கள் எச்சரித்துள்ளார்கள்.

கடன்பட்ட சகோதரர்களுக்கும் ஒரு சொல். கெடு கடந்தால் நீதிமன்றத்தின் கதவு அடைபடலாம். அல்லாஹ்விடத்தில் கடன் காலாவதியாவதில்லை. மூன்று தீனார் கடனை அடைக்க எதுவும் விட்டுச் செல்லாத ஒருவரின் ஜனாஸாவுக்கு, அபூகதாதா (ரலி) அவர்கள் பொறுப்பேற்கும் வரை பெருமானார் (ஸல்) அவர்கள் தொழ வைக்கவில்லை. மூன்று தீனாருக்கே இந்நிலை என்றால், யதீம்களின் இலட்சங்களை வைத்திருப்பவரின் நிலை என்ன?

அந்தச் சகோதரிக்கு நாம் சொல்லியனுப்பியது இதுவே: “புரோநோட்டின் தேதியை இன்றே பாருங்கள். பெரியவர்களை வைத்து ஒருமுறை கேளுங்கள். தரவில்லையாயின், கெடுவுக்குள் வழக்குத் தொடுங்கள். அது பாவமன்று; உங்கள் பிள்ளைகளின் அமானத்தைக் காப்பதாகும்.”

வல்ல அல்லாஹ், கடன்பட்டோருக்கு அடைக்கும் வசதியையும் மனத்தையும், கொடுத்தோருக்குப் பொறுமையையும் நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.